ப்ளூரலிஸ்டிக் இக்னரன்ஸ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

“யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று ஆசிரியர் கேட்கிறார். பாதிப் பேருக்குப் பாடம் புரியவில்லை. ஆனாலும் ஒரு கைகூட உயரவில்லை. பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து, ‘எல்லாருக்கும் புரிந்துவிட்டது, எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை’ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். சமூக உளவியலில் இதைத்தான் ‘ப்ளூரலிஸ்டிக் இக்னரன்ஸ்’ என்கிறார்கள்.

இரண்டு சொற்களுக்கும் மூலம் லத்தீன். முதலாவது ‘பல’ என்பதிலிருந்தும், இரண்டாவது ‘அறியாதிருத்தல்’ என்பதிலிருந்தும் வந்தவை. நாம் புழங்கும் ‘ஞானம்’ என்ற வடசொல்லுக்கும் அந்த ‘அறி’ வேருக்கும் உறவு உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் காட்ஸும் ஃப்ளாய்ட் ஆல்போர்ட்டும் சிராக்யூஸ் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்து 1931-ல் எழுதிய நூலில் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள்.

காலநிலை மாற்றத்தில் இது என்ன பாடு படுத்துகிறது என்று பாருங்கள். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் கேட்டார்கள். காலநிலைக்காக மாத வருமானத்தில் 1 சதவீதம் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். சரி, உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டபோது, சராசரியாக 43 சதவீதம் என்றுதான் மதிப்பிட்டார்கள். அமெரிக்காவில் இந்த இடைவெளி இன்னும் மோசம். முக்கியமான காலநிலைக் கொள்கைகளை ஆதரிப்பவர்கள் அங்கே 66 முதல் 80 சதவீதம். ஆனால் ஆதரவு 37 முதல் 43 சதவீதம்தான் இருக்கும் என்று மக்கள் நினைப்பதாக 2022-ல் வந்த ஆய்வு காட்டியது.

தான் மட்டும்தான் கவலைப்படுகிறோம் என்று நினைப்பவர் வாய் திறப்பதில்லை. அவர் பேசாததைப் பார்த்து அடுத்தவரும் அடங்கிவிடுகிறார். இந்த மௌனத்தைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன்.

அப்புறம், தமிழ்ச் சொல். ‘பன்மை அறியாமை’ என்றால் ஒருமை பன்மை தெரியாத இலக்கணப் பிழை போல ஒலிக்கிறது. ‘கூட்டு அறியாமை’ என்றால் எல்லாருக்கும் விஷயமே தெரியாது என்றாகிவிடும். இங்கே விஷயம் தெரியும், தன் மனமும் தெரியும். மற்றவர்கள் மனம்தான் தெரியவில்லை. ‘ஊர் என்ன நினைக்கும்’ என்று நாம் தயங்கும்போது சொல்கிற ‘ஊர்’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே ‘ஊர்மனம் அறியாமை’ என்பதே என் பரிந்துரை.

இதைக் ‘காலநிலை மறுப்பு’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மறுப்பவருக்கு வெப்பநிலைத் தரவுகளைக் காட்டி வாதாடலாம். ஊர்மனம் அறியாதவர் அந்தத் தரவுகளை ஏற்கெனவே நம்புகிறவர். அவருக்குக் காட்ட வேண்டியது அந்த 69 சதவீதத்தை.