யன்மார் எஞ்சின் பிறந்த கதையும் உங்கள் டீசல் பம்பும்

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வரும் படகு எஞ்சின்கள், தம்பலகாமத்து வயலில் ஓடும் லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு மெசின்கள் என்று திருகோணமலையில் எங்கள் பட்டறைக்கு வருகிறவற்றில் பாதிக்கு மேல் ஒரே நோய்தான். பிஸ்டன், கிராங்க் எல்லாம் இன்னும் பல வருஷம் ஓடும் நிலையில் இருக்கும், டீசலை அழுத்தித் தள்ளும், கைக்குள் அடங்கும் டீசல் பம்பும் அதைத் தூவும் நொசிலும் மட்டும் போயிருக்கும். "இந்தச் சின்னச் சாமானுக்கா இவ்வளவு காசு அண்ணை?" என்று கேட்கிற தம்பிமாருக்கு நான் யன்மார் என்ற ஜப்பான் எஞ்சின் கம்பனி தொடங்கிய கதையைச் சொல்வதுண்டு.

அதைத் தொடங்கிய மகோகிச்சி யமஓகா 1888ல் ஜப்பானின் ஷிகா பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பிழைப்புத் தேடி ஒசாகா போய், காஸ் எஞ்சின் வாங்கி விற்கும் தொழிலில் கால் ஊன்றி, 1912ல் அங்கேயே சொந்தப் பட்டறை போட்டார். 1920களில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கவும் நெல் குற்றவும் சிறிய எண்ணெய் எஞ்சின்கள் செய்தார். சேற்றில் முதுகு ஒடிகிறவர்களின் பாடு அவருக்குத் தெரியும், அதனால்தான் சிறிய எஞ்சினை விட்டு அவர் நகரவே இல்லை என்று நினைக்கிறேன். 1932ல் ஜெர்மனி போனபோது லைப்சிக் கண்காட்சியில் டீசல் எஞ்சினைப் பார்த்தார். எண்ணெய்ச் செலவு குறைவு, ஆனால் உருவம் பெரிது. இதைச் சிறிதாக்கினால் விவசாயி கையில் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார்.

சொல்வது லேசு. ருடோல்ஃப் டீசல் 1897ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கு 20 குதிரைவலுதான், ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும், எடை சில தொன். டீசலை உள்ளே ஊதித் தள்ளவே தனியாக ஒரு காற்று அமுக்கி வேண்டும். காற்றில்லாமல் டீசலை நேரே பீய்ச்சும் பம்பை பொஷ் கம்பனி 1927ல் வரிசையாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்சின் லொறிக்குள் வசதியாக ஏறியது. அதைவிடச் சிறிய எஞ்சின் என்றால் சிக்கல் இன்னும் கூடும். 5 குதிரைவலு எஞ்சின் ஒரு வெடிப்புக்குக் குடிப்பது ஏறக்குறைய ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டை, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை, அளவு மாறாமல், நேரம் பிசகாமல், புகையாகத் தூவ வேண்டும். யமஓகாவின் ஆட்கள் அதைச் செய்து முடித்தது 1933 டிசம்பரில். எச்பி (HB) என்று பெயர் வைத்த அந்த 5-6 குதிரைவலு எஞ்சினைத்தான் நடைமுறைக்கு வந்த உலகின் முதல் சிறிய டீசல் எஞ்சின் என்கிறார்கள். டீசலுக்குத் தான் பட்ட நன்றிக்கடனை யமஓகா மறக்கவும் இல்லை, 1957ல் ஆக்ஸ்பர்க்கில் ருடோல்ஃப் டீசலுக்கு நினைவுப் பூங்கா ஒன்று அமைத்துக் கொடுத்தார்.

சரி, இப்போது உங்கள் பம்புக்கு வருவோம். அதற்குள் டீசலைத் தள்ளும் சின்னத் தண்டு ஒன்று, அதுதான் பிளஞ்சர், அது ஓடுவதற்கு ஒரு குழாய், அதுதான் பரல். இடையில் றப்பர், வாசர் எதுவும் கிடையாது, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு இடைவெளிதான் டீசலைப் பீய்ச்சும் அழுத்தத்தைத் தாங்குகிறது. நல்ல பிளஞ்சரைச் சுத்தமான டீசலில் கழுவி, கொஞ்சம் மேலே இழுத்து விட்டால் தன் பாரத்திலேயே மெதுவாக வழுக்கி இறங்கும். தேய்ந்தது பொத்தென்று விழும், கீறல் பட்டது பாதியில் நிற்கும். அதற்கு வேறு எண்ணெய் யாரும் ஊற்றுவதில்லை, ஓடுகிற டீசலே அதற்கு வழுக்கு. அதனால்தான் டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறோம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கலந்து ஓட்டிப் பழகியவர்கள் சிலர் இன்னும் விடவில்லை. கலந்ததில் மிஞ்சும் காசைப் பிளஞ்சர் வாங்கவே கொடுக்க வேண்டி வரும்.

தண்ணீர் அடுத்த எமன், அதுவும் கடலில் ஓடுகிற எஞ்சினுக்கு. அரைத் தாங்கியோடு இரவு விட்டால் உள்ளே வியர்த்து நீர் இறங்கும். கரைக்கு வந்ததும் தாங்கியை நிரப்பி விடுங்கள், காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பில்டரின் அடி நட்டைத் தளர்த்தி ஒரு கோப்பையில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். கலனிலிருந்து ஊற்றும்போது வடிகட்டியும் கட்டாயம்.

இனிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நின்று வாசியுங்கள். நொசிலைக் கழற்றி வெளியே திருப்பி வைத்து, ஹாண்டிலைச் சுற்றி, தூவுகிறதா என்று விரலை முன்னால் நீட்டிப் பார்க்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய. அந்தத் தூவல் சதுர சென்ரிமீற்றருக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வருகிறது, தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதல் சில மணி நேரம் பெரிய வலியும் இராது. உள்ளே தசை அழுகத் தொடங்கும், விரலை எடுக்க வேண்டிய நிலைக்கும் போகும். வீங்கட்டும் பார்ப்போம் என்று வீட்டில் இருக்காதீர்கள், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே "அழுத்தத்தில் பாய்ந்த டீசல்" என்பதையும் எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும் டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வெறும் குத்துக்காயம் என்று மருந்து கட்டி அனுப்பிவிட இடமிருக்கிறது.