கரப்புக்குள் நிற்கும் புதுக்கோழி

மூன்று வருடத்துக்கு முதல் ஒரு பின்னேரம், தம்பலகாமத்தில் இருந்து இரண்டு இளம் பேட்டுக் கோழிகளை வாங்கிக்கொண்டு வந்தேன். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் ஏற்கெனவே 6 பேடுகள் நின்றன. உரப்பையை அவிழ்த்து இரண்டையும் அவற்றின் நடுவிலேயே விட்டுவிட்டேன். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. வீட்டுப் பிள்ளைகள் தூக்கி மடியில் வைத்தாலும் பேசாமல் இருக்கும் எங்கள் கறுப்பி, கழுத்து இறகை விரித்துக்கொண்டு வந்து, புதிதில் ஒன்றின் பின்னந்தலையைப் பார்த்துக் கொத்தத் தொடங்கியது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. ஓடிப்போய்த் தூக்கினேன். அதற்குள் உச்சந்தலைத் தோல் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு உரிந்துபோய் இருந்தது.

அன்றிரவு அம்மம்மா சொன்னது இவ்வளவுதான்: “கரப்பால மூடி நாலு நாள் வையன் பிள்ளை. அதுகள் ஒண்டை ஒண்டு பாக்கட்டும்.”

கரப்பு என்றால் கோழியை மூடி வைக்கும், இடைவெளி விட்டுப் பின்னிய கூடை. அந்த “பாக்கட்டும்” என்ற சொல்லுக்குள் இருக்கும் அறிவியல் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே என்ற நோர்வேக்காரர் சின்ன வயதிலேயே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதி வந்தவர். 1922இல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வில் இருந்துதான் ‘கொத்து வரிசை’ என்ற கருத்து உலகம் முழுக்கப் பரவியது. முதல் கோழி எல்லாரையும் கொத்தும், அதை யாரும் கொத்துவதில்லை. கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். நடுவில் நிற்பவை சில நேரம் வட்டமாகவும் அமையும்: கறுப்பி புள்ளியைக் கொத்தும், புள்ளி நெட்டியைக் கொத்தும், நெட்டி திரும்பி வந்து கறுப்பியைக் கொத்தும். சேவல்களுக்குத் தனி வரிசை, பேடுகளுக்குத் தனி வரிசை.

இதைக் கொடுமை என்று நினைத்துவிடக் கூடாது. வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் கூட்டத்தில் சண்டை குறைந்துவிடும். தீன் வைத்ததும் மேலே உள்ளது ஒரு பார்வை பார்க்கும், கீழே உள்ளது ஒரு அடி விலகும், அவ்வளவுதான். ஒவ்வொரு பிடி அரிசிக்கும் ஒருமுறை சண்டை பிடிக்கத் தேவையில்லாமல் போவது அந்த வரிசையால்தான். ஆனால் அது எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு கோழியும் மற்ற ஒவ்வொரு கோழியையும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

6 கோழி என்றால் 15 சோடி உறவுகள். இன்னும் இரண்டைச் சேர்த்து 8 ஆக்கினால் 28. நான் உரப்பையை அவிழ்த்த அந்த நிமிடத்தில் 13 உறவுகள் புதிதாகத் தீர்க்கப்பட வேண்டி இருந்தன. அவற்றில் 12, புதுக்கோழி ஒவ்வொன்றும் பழைய கோழி ஒவ்வொன்றோடும் தீர்க்க வேண்டியவை. அதையெல்லாம் ஒரே பின்னேரத்தில், ஓடி ஒளிய இடமில்லாத ஒரு மூலையில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் ஒரு கோழி இன்னொன்றை எப்படி அடையாளம் காண்கிறது? பெரும்பாலும் முகத்தை வைத்துத்தான். கொண்டையின் வடிவம், நிறம், தலை, கழுத்து இறகு இவைதான் அதற்கு முக்கியம். கொண்டையின் தோற்றத்தை மாற்றியோ, தலை இறகுக்குச் சாயம் பூசியோ விட்ட சோதனைகளில், நெடுநாள் கூட இருந்த கோழியையே மற்றவை அந்நியமாக எண்ணித் தாக்கியிருக்கின்றன. அதோடு, தூரத்தில் நின்று கோழியால் ஆளை மட்டுப்பிடிக்க முடிவதில்லை. ஒரு சாண், ஒன்றரைச் சாண் கிட்ட வந்துதான் முகம் பார்க்கிறது. இரண்டு கோழிகள் அலகுக்கு நேர் அலகாக நின்று, தலையை ஒருக்கா இந்தப் பக்கம் சரித்து, ஒருக்கா அந்தப் பக்கம் சரித்து, ஒற்றைக் கண்ணால் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் அப்படித்தான் பார்க்கும். ஆனால் அவ்வளவு கிட்ட வருவதும் கொத்து எட்டும் தூரத்துக்கு வருவதும் ஒன்றுதானே. பார்க்கப் போனால் கொத்து விழுகிறது, பார்க்காவிட்டால் அந்நியம் தீர்வதில்லை. அம்மம்மாவின் கரப்பு இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. முகம் பார்க்கலாம், அலகு எட்டாது.

கரப்பு இல்லாத வீட்டில் கம்பி வலை போதும். வளவில் ஒரு பக்கத்தை வலையால் மறித்து, தலை நுழையாத சிறிய கண் உள்ள வலையாகப் பார்த்து, புதியவற்றை அதற்குள் ஒரு கிழமை, முடிந்தால் இரண்டு கிழமை விடுங்கள். இரண்டு பக்கமும் தீன் பாத்திரத்தை வலைக்குக் கிட்ட வைத்தால் தின்னும்போது முகத்துக்கு முகம் நிற்கும். சிலர் புதுக்கோழியின் காலில் கயிறு கட்டிக் கூட்டுக் காலோடு விடுவார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. கட்டி நிற்கிற கோழிக்கு மறைப்பும் இல்லை, ஓடவும் முடியாது.

ஆனால் வலைக்கு முதல் இன்னொரு கட்டம் இருக்கிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கொத்துக் காயம் ஒரு கோழியோடு போய்விடும். நோய் முழுக் கூட்டையும் கொண்டுபோய்விடும்.

இந்தியாவின் ராணிக்கேத் ஊரின் பெயரால் நாங்கள் ராணிக்கெட் என்று சொல்கிற நோய், தொற்றிய பிறகு வெளியே தெரிய 2 முதல் 15 நாள் எடுக்கலாம். வாங்கும்போது துள்ளித் திரிந்த கோழி பத்தாம் நாள் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும். மூக்கடைப்பு, முகவீக்கம் தரும் சளி நோய்கள் சிலவற்றில், சுகமாகிவிட்ட கோழிகூடக் கிருமியைக் காவிக்கொண்டே இருக்கும். ஏற்றி இறக்கிய பயணக் களைப்பில் அது மறுபடி வெளியே வரும். அதனால் 30 நாள் முற்றாகத் தனியாக வையுங்கள். காற்று உங்கள் கூட்டில் இருந்து அந்தப் பக்கம் போக வேண்டும், அங்கிருந்து கூட்டுக்கு வரக் கூடாது. தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வளவில் அது வடகிழக்கு மூலை. காலையில் பழைய கோழிகளுக்குத் தீன் வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் புதியவற்றிடம் போக வேண்டும், அதுவும் வேறு செருப்போடு. தடுப்பூசி பற்றிக் கிட்ட உள்ள கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பேனும் உண்ணியும் பார்ப்பதற்கு இந்த 30 நாளும் நல்ல வாய்ப்பு. கழிவாயைச் சுற்றியும் செட்டைக்குக் கீழும் இறகை விலக்கிப் பாருங்கள். இன்னொரு வகைச் சிவப்பு உண்ணி பகலில் கோழியின் உடம்பில் இருக்காது. கோழிகள் படுக்கும் தடியின் வெடிப்புக்குள் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் இரவில் டோர்ச் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

குடல் ஒட்டுண்ணி ஒன்றால் வரும் இரத்தக் கழிச்சல் மட்டும் எதிர்ப்பக்கமாகவும் வரும். உங்கள் பழைய கோழிகள் அந்த ஒட்டுண்ணியோடு வளர்ந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும். வெளியில் இருந்து வந்த இளம் பேட்டுக்கு அது இருக்காது. எச்சத்தோடு விழும் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் சூடும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எங்கள் வளவு மண் எப்படி இருக்கும் என்று திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மாரியில் எல்லாக் கோழியும் ஒரே கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நிற்கும். தோற்ற கோழி எங்கே விலகிப் போவது? கச்சான் உச்சத்திலோ எல்லாம் ஒரே மரநிழலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். என்னைக் கேட்டால் மழை விட்டு மண் காய்ந்த மாசி, பங்குனிதான் இதற்கு நல்ல காலம்.

அடுத்தது திறந்துவிடும் நாள். ஒற்றைக் கோழியாக ஒருபோதும் சேர்க்க வேண்டாம், கொத்து முழுவதும் அதன் தலையில்தான் விழும். இரண்டோ மூன்றோ என்றால் கொத்து பங்கு பிரியும். உடம்பும் பழையவற்றோடு ஒத்திருக்க வேண்டும். சிறிய, வெளிறிய கொண்டை இன்னும் பருவத்துக்கு வரவில்லை என்பதைக் காட்டும். பெரிய சிவந்த கொண்டை உள்ளதுதான் பெரும்பாலும் சண்டையில் வெல்கிறது. இறக்கிவிடும் இடம் அகலமாக இருக்கட்டும். தீன் இரண்டு மூன்று இடத்தில், ஒன்றில் நிற்கும் கோழிக்கு மற்றது தெரியாதபடி. ஒளிய இடம் வேண்டும். நாங்கள் கிடுகுத் தட்டி இரண்டைச் சரித்து வைப்போம், இரண்டு பக்கமும் வழி விட்டு. ஒரு வழி மட்டும் இருந்தால் அதுவே பொறியாகிவிடும். ஒரு கட்டு முருங்கைக் கீரையைக் கயிற்றில் தொங்கவிட்டால் கொத்துகிற அலகுகளுக்கு வேறு வேலை கிடைக்கும்.

இரவில் கொண்டுபோய்ப் பழைய கோழிகளோடு தடியில் ஏற்றிவிட்டால் காலையில் ஒன்றும் தெரியாது என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, அதனால் அன்றிரவு சண்டை வராது. ஆனால் விடிந்ததும் முகம் தெரியுமே. வலைக்குப் பின்னால் முகம் பழகிய பிறகு இதைச் செய்தால் பலன் உண்டு. அது இல்லாமல் செய்தால் பின்னேரச் சண்டை விடியற்காலைக்குத் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

சில்லறைக் கொத்துகளுக்குக் குறுக்கே போகாதீர்கள். ஒன்று கொத்தி மற்றது விலகினால் அந்தச் சோடியின் விடயம் முடிந்தது. நாங்கள் நடுவில் புகுந்து பிரித்தால் நாளைக்கு அதையே மறுபடி தொடங்கும். வேடிக்கை பார்க்கும் கோழிகளும் அதில் இருந்து படிக்கின்றன. தன்னைவிட மேலே உள்ள கோழியை ஒரு புதுக்கோழி வென்றதைக் கண்ட பேடு, அந்தப் புதுக்கோழியோடு மோதத் தயங்குவதை 1990களில் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே எல்லா 12 கணக்கும் சண்டை பிடித்தே தீர வேண்டும் என்றில்லை. ஆனால் இரத்தம் கண்டால் அந்த நிமிடமே தூக்கிவிடுங்கள். சிவப்பு நிறம் கோழியின் அலகை இழுக்கும். ஒன்று கொத்திய இடத்தில் எல்லாம் கொத்தும், அது கொலையில்தான் முடியும். உப்புத் தண்ணீரால் கழுவி, தோல் மூடும்வரை வலைக்குப் பின்னால், மற்றவை தெரியும்படி வையுங்கள். பல கிழமை முற்றாக மறைத்து வைத்தால் அதுவும் திரும்பி வரும்போது அந்நியம்தான். ஒரே ஒரு கோழி விடாமல் துரத்துகிறதென்றால் இதே சூத்திரத்தை மாற்றிப் போடலாம். அந்தச் சண்டைக்காரியைச் சில நாள் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். திரும்பி வரும்போது அதன் இடம் முன்போல் உறுதியாக இருக்காது.

தீன் விடயத்தில் ஒரு சொல். முட்டைக்கோழித் தீனில் சுண்ணச்சத்து 4 சதவீதம் அளவில் இருக்கும். முட்டைக்கு வராத பேடு அதை நாள்தோறும் தின்றால் சிறுநீரகம் கெடும். எல்லாருக்கும் வளர்ப்புத் தீனை வைத்து, நொறுக்கிய சிப்பியைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். முட்டை இடுபவை தேவைக்கு அதைத் தாங்களே பொறுக்கிக்கொள்ளும்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம். பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சுகளை இருட்டில் அதன் வயிற்றுக்குக் கீழே மெல்லத் தள்ளிவிட்டால், பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். ஆறேழு கிழமைக்கு ஒரு கோழியும் குஞ்சைத் தொட முடியாது, தாய் விடாது. அந்தக் காலத்துக்குள் முகமெல்லாம் பழகிவிடும்.

எங்கள் காயப்பட்ட பேட்டுக்குத் தலையில் இறகு முளைக்க மாதக் கணக்கானது. தோல் மூடும்வரை அது வலைக்குள் நின்றது, மற்றப் புதுக்கோழியும் துணைக்கு அங்கேயே நின்றது. திறந்துவிட்ட பிறகும் இரண்டும் கீழ்த் தடியில், பழையவற்றுக்கு எட்டத் தனியாகத்தான் படுத்தன. நாலாம் கிழமை ஓர் இரவு உண்ணி பார்க்க டோர்ச் அடித்தேன். கீழ்த் தடி வெறுமையாக இருந்தது. மேல் தடியில் 8 கோழிகளும் வரிசையாக இருந்தன. கறுப்பியின் செட்டையோடு ஒட்டிக்கொண்டு அந்த மொட்டைத்தலை நித்திரையாக இருந்தது.