மின் ஆளுமையா, ஆளுகையா?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் போன மாதம் கூட்டம். அரசாங்கச் சேவைகளைப் போன் வழியாகப் பெறுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வந்திருந்தார்கள். கதவுக்கு மேலே பேனர்: ‘மின் ஆளுமை விழிப்புணர்வு’. கொழுந்து நிறுத்துப்போட்டுவிட்டு நேராக அங்கே வந்த ஒரு அக்கா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “என்னங்க மாஸ்டர், கரண்டு பில்லு பத்தின கூட்டமா?” என்றார் என்னிடம். பக்கத்தில் நின்ற உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் பையனுக்கு அது ஆளுமை விருத்திப் பயிற்சி. பேச்சுப் போட்டிக்கு உதவுமே என்று வந்திருந்தான். இரண்டு பேரும் தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

இந்த ‘மின் ஆளுமை’யை எத்தனை தடவைதான் கேட்பது? சரி, இந்த முறை எழுதியே விடுகிறேன்.

‘மின் ஆளுமை’ என்று அவர்கள் சொல்ல வந்தது இ-கவர்னன்ஸ். அதில் உள்ள ஆங்கிலச் சொல் கவர்னன்ஸ், நாட்டையோ நிறுவனத்தையோ நடத்துகிற வேலை. கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பதைச் சொல்லும் கிரேக்க வினை லத்தீனுக்குப் போய், பிரெஞ்சைத் தொட்டு ஆங்கிலத்துக்கு வந்தது. கவர்மெண்டுக்கும் அதே வேர். அமெரிக்கக் கணிதவியலாளர் நோர்பர்ட் வீனர், இயந்திரங்களும் உயிர்களும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வதை ஆராயும் தன் புதிய துறைக்கு 1940களில் சைபர்னெட்டிக்ஸ் என்று பெயர் வைத்தபோது எடுத்ததும் அந்தச் சுக்கானைத்தான். வேர்க்கதை இவ்வளவு போதும்.

தமிழில் அதற்கு ஆளுகை. ‘ஆள்’ என்ற வினையோடு ‘கை’ சேர்ந்தால் தொழிற்பெயர்: வருகை, செய்கை, தொழுகை மாதிரி. நடக்கிற வேலையைச் சொல்லும். ‘மை’ சேர்ந்தால் பெரும்பாலும் பண்பு அல்லது நிலை: பெருமை, தலைமை, அடிமை. ஆளும் தன்மை என்று பொருள் கொண்டால் ஆளுமையிலும் இலக்கணப் பிழை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் அரசு நிறுவனத்தின் பெயரே தமிழ்நாடு மின் ஆளுமை முகமை. அவர்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் மறைந்த எழுத்தாளரைப் ‘பெரும் ஆளுமை’ என்று அவர்களும்தானே எழுதுகிறார்கள்? ஒருவரின் குணத்துக்கும் ஒரு நாட்டின் நிர்வாகத்துக்கும் ஒரே சொல் எதற்கு, பக்கத்திலேயே ஆளுகை சும்மா இருக்கும்போது? சும்மா என்று சொல்வதும் தப்பு. இலங்கையில் அந்தச் சொல் புழக்கத்தில் உள்ளது. நாம்தான் இருப்பதை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் கடன் கேட்கிறோம்.

‘ஆட்சி’ போடலாமே என்பார்கள். ஆட்சி என்றால் அதிகாரத்தில் இருப்பது. நல்லாட்சி என்ற சொல்லோ அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த இலங்கையின் 2015 அரசாங்கத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் மேடையில் அதைச் சொன்னால் பின்வரிசையில் சிரிப்புக் கேட்கும்.

ஆட்சி வேறு, ஆளுகை வேறு என்பதை மலையகத்துக்காரருக்கு விளக்க அகராதி தேவையில்லை. பிரதேச சபைத் தேர்தலில் நாமும் வாக்குப் போட்டோம். ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்படும் வரை, அந்தச் சபையின் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடை இருந்தது. உறுப்பினர் நம் ஆள், லயத்து வரிசை வீட்டு வாசலில் உடைந்து கிடந்த வடிகானைக் கட்ட மட்டும் அவரால் முடியாது. ஆட்சியில் பங்கு இருந்தது, ஆளுகை தோட்டத்து எல்லையோடு நின்றது.

‘மின்’னுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். மின்னஞ்சல் பழகிவிட்டது, இருக்கட்டும். எல்லாவற்றின் தலையிலும் அதை ஒட்டினால் கரண்டு பில்தான் ஞாபகம் வரும். டிஜிட்டல் என்பதை அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. டிஜிட் என்பதன் லத்தீன் மூலம் விரல். சம்பளப் புத்தகத்தில் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்த எங்கள் பாட்டிமாரும் அந்தக் கணக்கில் டிஜிட்டல்தான்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு குழப்பம் இரட்டிப்பு. 2024 செப்டெம்பரில் ஐ.நா.வில் உலகளாவிய டிஜிட்டல் உடன்பாடு ஏற்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவை எப்படி நெறிப்படுத்துவது என்பதும் அதில் ஒரு பெரிய விடயம். இராஜதந்திரிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் பேரம் பேசி எழுதுகிற ஆவணங்கள் இவை. தமிழில் வரும்போது ‘செயற்கை நுண்ணறிவு ஆளுமை’ என்கிறோம். ஏதோ ரோபோவுக்கு நற்குணச் சான்றிதழ் கொடுப்பது போல இருக்கிறது. ‘செயற்கை நுண்ணறிவு ஆட்சி’ அதைவிட மோசம், இயந்திரம் நாற்காலியில் ஏறிவிட்டது! ஆளுகை என்று போட்டாலும் இங்கே ஒரு உருபோ சொல்லோ கூட வேண்டும். செயற்கை நுண்ணறிவு மீதான ஆளுகை வேறு, செயற்கை நுண்ணறிவு வழியான ஆளுகை வேறு. யார் யாரை நடத்துகிறார் என்பதுதானே அந்த மேசைகளில் நடக்கிற சண்டையே. அதை உருபு மறைந்த கூட்டுச்சொல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டு மொழிபெயர்த்தாயிற்று என்று கைகழுவக் கூடாது.

பேனரை யார் மொழிபெயர்த்தது என்று கேட்டேன். கணினியிடம் கொடுத்து வாங்கியதாம். இணையத்தில் தமிழ்நாட்டுத் தமிழ்தான் குவிந்து கிடக்கிறது, இயந்திரம் அதைத் திருப்பித் தருகிறது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அச்சுக்கு அனுப்புமுன் ஒருதரம் வாய்விட்டு வாசிக்காதவர் மேல்தான்.

கூட்டத்தில் அந்த அக்காவின் போனில் படிவத்தைத் திறந்து கொடுத்தார்கள். ‘வீதியின் பெயர்’ என்ற கட்டம் சிவப்பாக மறித்து நின்றது. லயக்காம்பராவுக்கு ஏது வீதி? கடிதமே தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகிறது. கடைசியில் தோட்டத்தின் பெயரையே வீதியாக அடித்து உள்ளே போனோம்.

அப்புறம் நான் ஒரு கதிரையைப் போட்டு ஏறி, ‘மை’யின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி ‘கை’ என்று எழுதினேன். ஏற்பாட்டாளர் கீழே நின்று பார்த்தார். “எழுத்துப் பிழையா மாஸ்டர்? சொல்லியிருந்தா நாங்களே திருத்தியிருப்போமே” என்றார். ‘மின்’னை மறைக்கத் தாள் போதவில்லை.