புழு ஓடினால் சந்தோஷப்படாதீர்கள்

போன சித்திரையில் பண்ருட்டிக்குக் கிழக்கே ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனைக்குப் போயிருந்தேன். ஐந்தாம் பருவப் புழு, இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்ட வேண்டியது. "பாருங்க மேடம், ஒவ்வொண்ணும் எப்படி சுறுசுறுப்பா ஓடுது!" என்றார் அந்த வீட்டு அக்கா. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வயதில் புழு இலையில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். இங்கே பாதிப் புழுக்கள் ரேக்கின் விளிம்பில் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன.

ஓர் எவர்சில்வர் மூடியை வாங்கி, ஓடிய புழு ஒன்றின் வயிற்றுக்காலை நறுக்கி ஒரு சொட்டு ரத்தம் விட்டேன். நீர்த்த பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. பக்கத்திலேயே நல்ல புழுவின் சொட்டு: தெளிவான இளமஞ்சள், சில நிமிடத்தில் ஓரம் கறுக்கத் தொடங்கியது. வைரஸால் வரும் பால்புழு நோய்தான்.

"இதுக்கு ஊசி கீசி ஒண்ணும் கிடையாதா?"

எல்லாரும் கேட்கிற கேள்விதான். தடுப்பூசி வேலை செய்ய நம்மைப் போல எதிர்ப்பொருள் சுரக்கும் உடம்பு வேண்டும். புழுவுக்கு அது இல்லை. அதற்காக அது கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை. நல்ல சொட்டு கறுத்ததே, அதுவே ஒரு தற்காப்பு. காயம்பட்ட இடத்தை மெலனின் போட்டு அடைக்கிற ஏற்பாடு அது.

பாக்டீரியா உள்ளே புகுந்தால், அதன் சுவரில் இருக்கும் பெப்டிடோகிளைக்கானை ஒரு புரதம் அடையாளம் காண்கிறது. அந்தப் புரதத்தை முதலில் பிரித்தெடுத்ததே பட்டுப்புழு ரத்தத்திலிருந்துதான், 1996இல், ஜப்பானில். மனிதனிடமும் அதே குடும்பம் உண்டு என்று தெரிந்தது அப்புறம்தான். பூஞ்சைக்கு வேறு காவலாளிகள். தகவல் கிடைத்ததும் புழுவின் கொழுப்புத் திசுவில் தூங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் செக்ரோபின், மோரிசின், குளோவரின் போன்ற குட்டிப் புரதங்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. மோரிசினுக்கு மொத்தமே 42 அமினோ அமிலம். ஆனால் பாக்டீரியாவின் சவ்வில் ஓட்டை போட அது போதும்.

வைரஸிடம் இந்தப் பாச்சா அவ்வளவாகப் பலிப்பதில்லை. அது செல்லுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. அங்கே டைசர், ஆர்கோநாட் என்ற புரதங்கள் வைரஸின் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கின்றன. பெரும்பாலும் வைரஸ்தான் முந்திக்கொள்கிறது. அந்த ஓட்டமும் புழுவின் சொந்த விருப்பமில்லை. வைரஸிடம் உள்ள ஒரு மரபணுதான் புழுவை அப்படி ஓட வைக்கிறது. அதை நீக்கிய வைரஸ் தொற்றிய புழுக்கள் அந்த மாதிரி அலையவில்லை என்று 2005இல் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓடி, விளிம்பேறி, தோல் கிழிந்து, கீழே உள்ள இலையெல்லாம் பால் சொட்ட வேண்டும். அந்தப் பாலில் இருப்பவை வைரஸை மூடிய படிக உறைகள். புழுவின் குடல் நல்ல காரம் என்பதால், இலையோடு உள்ளே போனதும் உறை கரைந்து வைரஸ் வெளியே வந்துவிடும்.

சில ரகங்களுக்கு சில வைரஸ் தொற்றவே தொற்றாது. ஏதோ அதிக பலம் என்றுதான் நானும் படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன். டென்சோவைரஸ் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2008இல் கண்டது வேறு: தாங்கும் ரகத்தில் குடல் செல்லின் ஒரு புரதத்துக்கான மரபணுவே பாதி அறுந்து கிடந்தது. கதவு இல்லாத வீட்டில் எப்படி நுழைவது?

நம் பக்கம் பிரச்சினை வெயில்தான். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி வேண்டும். கடலூர்ச் சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது எங்கே கிடைக்கும்? சூட்டில் துவண்ட புழுவிடம் நோய் சுலபமாக ஜெயிக்கிறது. அதிக மகசூல் தரும் இருசந்ததி (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும்) வெள்ளைக் கூட்டு ரகம் இதில் சீக்கிரம் விழும். மைசூர் நாட்டு ரகத்தோடு கலந்த கலப்பினம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கோடையில் கலப்பினமே போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. கார்த்திகை மழையில் ஆபத்து வேறு மாதிரி: ஈரத்தில் சுண்ணாம்புக்கட்டி நோய், அந்தப் பூஞ்சை தோல் வழியாகவே துளைத்துக்கொண்டு போகும். பெப்ரின் என்ற நோய் தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டையிலேயே வருவது. பரிசோதித்த முட்டைத் தொகுதி வாங்குவதைத் தவிர வழியில்லை.

அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான். ஓடுகிற புழுவைக் குச்சியால் பொறுக்கி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கரைத்த சட்டியில் போடுங்கள். தோலுரிக்கப் படுக்கும்போது படுக்கையில் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். ஒவ்வொரு வளர்ப்பும் முடிந்ததும் 2 சதவீத பிளீச்சிங் கரைசலில் நீற்றிய சுண்ணாம்பு கலந்து சுவர், தரை, ரேக் எல்லாம் நனையத் தெளியுங்கள். அந்த வைரஸ் உறைகள் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

"செத்ததையெல்லாம் கோழிக்குத்தான் போட்டேன், ஆசையா தின்னுச்சே" என்றார். கோழி தின்னும், எச்சத்தில் அதே வைரஸை முற்றம் முழுக்க விதைக்கும். அதையும் நிறுத்தச் சொன்னேன்.

அடுத்த வளர்ப்பு கலப்பினம், கூடு நன்றாகவே வந்தது. கோழிக்குத்தான் என் மேல் கோபம். நான் போனால் இன்னமும் மனை வாசலில் வந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.