4கே இருக்கா, 3டி இருக்கா?

ஆபரேஷன் கேமராவைப் பற்றி இந்த மாதம் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்த மூன்றாவது ஆள் இவர். வயது 52, பித்தப்பையில் கல். வலியும் காய்ச்சலும் தொடங்கி மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் மனிதர் ஆஸ்பத்திரி விளம்பரங்களை ஒப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கூட வந்த மைத்துனர், "லேசர்ல எடுத்துடுவீங்கள்ல சார்?" என்றார்.

லேசர் இல்லை. நூறு தடவை சொல்லியாயிற்று, இன்னொரு தடவை சொல்கிறேன். லேப்ராஸ்கோப்பி என்பது தொப்புள் பக்கம் ஒரு கேமராவை விட்டு, இன்னும் இரண்டு மூன்று துளைகளில் கருவிகளை விட்டு, டிவியைப் பார்த்தபடி கையால் செய்கிற வேலை. எந்தக் கதிரும் கல்லைக் கரைப்பதில்லை. கல்லை மட்டும் எடுப்பதும் இல்லை, பித்தப்பையையே எடுக்கிறோம்.

4கே என்றால் ஃபுல் எச்டியைவிட நான்கு மடங்கு புள்ளிகள். 3டியில் ஆழம் தெரியும், தையல் போட வசதி. ஆனால் இரண்டும் மேற்பரப்பைத்தான் காட்டும். பழைய எச்டியே போதும் என்று சொன்னால் எனக்குத் தூக்கம் கெடாது.

ஐசிஜி, அதாவது இண்டோசயனின் கிரீன் என்ற சாயம், வேறு ரகம். அதை ரத்தக் குழாயில் ஊசியாகப் போட்டால் கல்லீரல் அதைப் பித்தத்தில் தள்ளும். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியில் பித்தம் ஓடும் குழாயான பித்தநாளம் திரையில் பச்சையாக ஒளிரும். நாங்கள் பயப்படுவதே பித்தப்பைக் குழாய் என்று நினைத்து, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொது பித்தநாளத்தை வெட்டிவிடுவோமோ என்றுதான். பித்தப்பைக்குள் போவது இரண்டே குழாய்கள் என்று கண்ணால் பார்க்காமல் கிளிப் போடக்கூடாது. 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் வகுத்துக் கொடுத்த விதி அது, எந்தக் கேமராவுக்கும் பொருந்தும்.

இவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்ததால் காத்திருக்க முடியவில்லை. உள்ளே எல்லாம் தோல் மாதிரி தடித்து ஒட்டிக் கிடந்தது. பச்சைக்கு மாற்றினேன். கல்லீரல் மட்டும் ஜொலித்தது. நாளம் இருக்க வேண்டிய இடம் இருட்டு. அந்த ஒளி ஒரு சென்டிமீட்டர்கூட உள்ளே போகாது. பித்தப்பையைத் திறந்து கற்களை அள்ளிவிட்டு, நாளத்தோடு ஒட்டியிருந்த பகுதியை விட்டுவிட்டு வந்தேன். மைத்துனர் கேட்டார்: "அப்போ கேமரா சரியில்லையா?"

காய்ச்சலோடு வலி வந்தால் அன்றைக்கே வாருங்கள். முதல் மூன்று நாளில் செய்வது எங்களுக்கும் சுலபம். அயோடின் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஐசிஜியில் அயோடின் உண்டு. டாக்டரிடம் கேட்க வேண்டியது, "நாளம் தெரியலைன்னா என்ன செய்வீங்க?" என்பதுதான். வயிற்றைத் திறந்து செய்தால் சண்டைக்கு வராதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு கண் மஞ்சளானாலோ வலி ஏறினாலோ, தையல் பிரிக்கிற நாளில் காட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், ப்ளீஸ்.