அப்பு கையில் துப்பியது ஏன்?

உரும்பிராயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் ரொறன்ரோவில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்று, ஊரோடு வந்துவிட்டார். வரும்போது கோல்ஃப் மட்டைப் பையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கோல்ஃப் என்றால் நம்மில் பலருக்கு ரிவியில் சனல் மாற்றும்போது கண்ணில் படுகிற பச்சைப் புல்தான். மனிதர் விடவில்லை. பின்வளவில் இரண்டு பனைகளுக்கு நடுவே மீன்வலையைக் கட்டி, பின்னேரங்களில் பந்தடித்துப் பழகுகிறாராம். வாசகியின் வார்த்தையிலேயே தருகிறேன்: "அங்கை வழுக்காத மட்டை இஞ்சை வழுக்குது. போன கிழமை கையை விட்டுப் பறந்து, வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டுக் கிணத்தடியிலை விழுந்தது. நல்ல காலம், அந்த நேரம் ஒருத்தரும் குளிக்கேல்லை. வேற பிடி போடவேணும் எண்டு நிக்கிறார். எது நல்லது எண்டு சொல்லுவியளோ?"

சொல்லலாம். ஆனால் அதற்கு எங்கள் அப்புவின் மண்வெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பு தோட்டம் கொத்தப் போனால், மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன் இரண்டு உள்ளங்கையிலும் மெல்லத் துப்பி, தேய்த்துவிட்டுத்தான் பிடியைப் பிடிப்பார். சிறுவர்களான எங்களுக்கு அருவருப்பு. நாவூறு படாமலிருக்கத் துப்புகிறார் என்று அம்மம்மா சொல்லுவா. அப்புவைக் கேட்டால் "அப்பதான் பிடி நிக்கும்" என்பார், அவ்வளவுதான். அம்மம்மா சொன்னது நம்பிக்கை, அப்பு சொன்னது பௌதிகவியல். எனக்கு அது விளங்க இருபது வருடம் எடுத்தது.

ஈரம் பட்டால் வழுக்கும் என்றுதானே நினைக்கிறோம்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காசுத்தாள் எண்ணுகிறவர் விரலை நனைக்கிறார். கடையில் சொப்பிங் பையின் வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறவரும் விரலை நாக்கில் தொடுகிறார். வறண்ட விரல் வழுக்குகிறது, சற்றே நனைந்த விரல் பிடிக்கிறது. அதே விரலை வாளித் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் திரும்பவும் வழுக்கும். ஈரம் கூடக்கூட உராய்வு முதலில் ஏறுகிறது, ஓர் உச்சியைத் தொடுகிறது, பிறகு விழுகிறது. வரைபில் வரைந்தால் ஒரு மேடு. வாசகியின் கணவருடைய பிரச்சினை முழுவதும் இந்த மேட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதுதான்.

ஏறுவது ஏன்? உராய்வு தொடுகைப் பரப்பில் தங்கியிருப்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மரக்குற்றிக்கும் மேசைக்கும் அது சரி. தோலுக்குச் சரிவராது. உள்ளங்கைத் தோலின் மேற்படை இறந்த கலங்களால் ஆனது, அவற்றுள் நிறைந்திருப்பது கெரற்றின், அதாவது நகத்திலும் மாட்டுக்கொம்பிலும் உள்ள அதே சரக்கு. வறண்டிருக்கும்போது அது விறைப்பாக இருக்கும். பிடியின் நுண்ணிய மேடுபள்ளங்களின் உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கண்ணுக்குக் கை முழுவதும் பிடித்திருப்பது போலத் தெரிந்தாலும், உண்மையில் தொடுகிற பரப்பு மிகச் சிறியது. தண்ணீர் உள்ளே ஊறினால் கெரற்றின் இளகிவிடும். வெந்நீரில் நனைந்த நகம் வெட்டச் சுலபமாக இருப்பதை எல்லாரும் கண்டிருப்போம். இளகிய தோல் பள்ளங்களுக்குள்ளும் இறங்கி ஒட்டுகிறது, உண்மையான தொடுகைப் பரப்பு பல மடங்காகிறது. அப்புவின் காய்த்துப்போன கைக்கு அந்த ஒரு துளி எச்சில் செய்தது இதைத்தான்.

விழுவது ஏன் என்பதை நீட்டத் தேவையில்லை. ஊறியது போக மிஞ்சிய தண்ணீர் தோலுக்கும் பிடிக்கும் இடையில் படலமாக நிற்கிறது. மழையில் தேய்ந்த ரயர் வீதியைத் தொடாமல் தண்ணீரில் மிதப்பது போலத்தான்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். உங்கள் விரல்நுனியை வெயிலில் பிடித்து உற்றுப் பாருங்கள். வெங்காயத் தோட்டம் மாதிரி இருக்கும்: வரம்பு, வாய்க்கால், வரம்பு, வாய்க்கால். வியர்வைத் துளைகள் வாய்க்காலில் இல்லை, வரம்புகளின் உச்சியில் வரிசையாக இருக்கின்றன. சதுர சென்ரிமீற்றருக்குச் சில நூறு. தண்ணீர் மேட்டில் ஊற்றெடுத்துப் பள்ளத்தில் வடிகிறது, எந்தத் தோட்டக்காரனும் மெச்சுகிற ஏற்பாடு. கைரேகை எதற்கு என்ற கேள்விக்குப் பொலிஸ் வேலைக்கு வெளியே ஒரு நல்ல பதில் 2020இல் வந்தது. கொரிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் விரலைக் கண்ணாடி போன்ற வழுவழுப்பான பரப்பில் அழுத்திவைத்து, உள்ளே ஈரம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். வறண்ட விரலாக இருந்தால் துளைகளிலிருந்து வரும் வியர்வை தோலை இளக்குகிறது. நனைந்த விரலாக இருந்தால் மிஞ்சிய ஈரம் வாய்க்கால்கள் வழியே ஆவியாகிப் போகிறது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விரல் நகர்ந்து நகர்ந்து முன்பு சொன்ன அந்த உராய்வு மேட்டின் உச்சிக்கே வந்து சேர்கிறது. மதகு வைத்த வயலைப் போல, கை தன் ஈரத்தைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. மரத்துக்கு மரம் தாவிய மூதாதையருக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்று யோசித்தால், அடுத்த முறை கை வியர்க்கும்போது வெட்கப்பட மாட்டீர்கள்.

இங்கே ஒரு சிறு கோபம். பத்திரிகைகளில் "உள்ளங்கை வியர்க்கிறதா? நரம்புத் தளர்ச்சி!" என்று வருகிற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை இளைஞர்களின் காசும் நிம்மதியும் இதில் போயிருக்கும். பயத்திலும் பதற்றத்திலும் உள்ளங்கை வியர்ப்பது எல்லா மனிதருக்கும் உள்ளது. சிலருக்கு அது மிகையாக இருக்கும். அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு, தோல் வைத்தியரிடம் போகலாம். லேகியத்துக்கு அங்கே வேலை இல்லை.

சரி, இவ்வளவு கெட்டித்தனமான கை உரும்பிராயில் ஏன் தோற்றுப்போகிறது? வாய்க்கால் வழியே ஈரம் ஆவியாக வேண்டும் என்றேன் அல்லவா, அங்கேதான் சிக்கல். ஆவியாதலைத் தள்ளுவது தோலிலுள்ள ஆவியமுக்கத்துக்கும் (நீராவி கொடுக்கிற அமுக்கம்) காற்றிலுள்ள ஆவியமுக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம். தோலின் வெப்பநிலையை 34 பாகை என்று வைத்தால், அங்கே ஆவியமுக்கம் சுமார் 5.3 கிலோபஸ்கால். ரொறன்ரோவின் இதமான கோடை மாலையில், 22 பாகை, காற்றின் ஈரப்பதன் 50 சதவீதம் என்றால், காற்றில் இருப்பது சுமார் 1.3. வித்தியாசம் 4. நம்மூரில் சோளகக் காற்று இன்னும் எழும்பாத ஒரு சித்திரைப் பின்னேரம், 30 பாகை, 80 சதவீதம் என்று வையுங்கள். காற்றில் 3.4, வித்தியாசம் இரண்டுக்கும் குறைவு. தள்ளுகிற விசை பாதியாகிவிட்டது. கூடவே காற்றும் அசையவில்லை. வெப்பத்தால் வியர்வை வரத்தோ கூடிவிட்டது. வரத்து கூடி, வடிகால் பாதியாகி, வாய்க்கால் நிரம்பி வழிகிறது. "சரியான அவிச்சல்" என்று நாம் சொல்வது விரல்நுனியில் இப்படித்தான் தெரியும்.

அந்தக் கையில் ஒரு கோல்ஃப் மட்டையைக் கொடுங்கள். பழகிய சாதாரண ஆட்டக்காரர் வீசும்போதே மட்டையின் தலை மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தை எட்டும். தலையின் நிறை ஏறத்தாழ 200 கிராம்தான், ஆனாலும் வட்டத்தில் சுழல்வதால் அது வெளியே இழுக்கும் விசை, நான் கணக்குப் போட்டுப் பார்த்த அளவில், 20 கிலோ மூட்டை கையில் தொங்குவதற்குச் சமம். மட்டை கீழே இறங்க எடுக்கும் நேரமோ கால் செக்கனுக்குச் சற்றுக் கூட.

மூளை சும்மா இராது. 1984இல் சுவீடனில் யொகான்சன், வெஸ்ற்லிங் என்ற இருவர் அரத்தாள், மெதுதோல், பட்டு ஆகியவற்றைப் பொருளில் ஒட்டி, ஆட்களைத் தூக்கச் சொல்லி அளந்தார்கள். விரல் தொட்டுப் பத்தில் ஒரு செக்கனுக்குள் கை தன் இறுக்கத்தைப் பரப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது. பட்டென்றால் கூட இறுக்கும், அரத்தாள் என்றால் குறைவாக. நமக்குத் தெரியாமலே இது நடக்கிறது. வியர்த்த கையோடு மட்டையைப் பிடித்ததுமே மூளை "வழுக்கும்" என்று முடிவுகட்டி இறுக்கிவிடுகிறது. இறுகிய முன்கைத் தசை மணிக்கட்டை மடங்க விடாது, வீச்சு மரக்கட்டையாகிறது. ஆகவே மட்டை பறக்காத நாட்களிலும் அந்தப் பிடி ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அந்தச் சுவீடன் ஆய்வு நடந்தபோது, பட்டையும் அரத்தாளையும் தூக்கி விளையாட அரசுக் காசா என்று யாராவது கேட்டிருக்கலாம். இன்று செயற்கைக் கையும் இயந்திரக் கையும் செய்கிறவர்களுக்கு அது அடிப்படை. போரில் கைகால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் நம் மண்ணில், வியர்வைக்கும் உராய்வுக்கும் என்ன உறவு என்று அளக்க ஒரு சிறிய ஆய்வுகூடமாவது இருக்க வேண்டாமா? கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டத்தான் எல்லாருக்கும் விருப்பம்.

இனிப் பிடிக்கு வருவோம். கடைகளில் கிடைப்பவை ஏறத்தாழ மூன்று வகை. வழுவழுப்பான இறப்பர் பிடி கைக்கு இதம், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. நம் பெடியள் கிரிக்கெட் மட்டைக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டி மாட்டுவார்களே, அதற்கும் இதற்கும் குணம் ஒன்று. காய்ந்திருக்கும்வரை அருமை. இரண்டாவது, பொலியூரித்தேன் சுற்றியது. மெத்தென்றிருக்கும், லேசான ஈரத்தில் ஒட்டிப் பிடிக்கும், சிலருக்கு இதுவே போதும். மூன்றாவது, இறப்பருக்குள் பருத்தி நூலைப் பதித்துச் செய்து, மேலே உரசி நூல்நுனிகள் வெளியே தெரியும்படி விட்டது. நூல் பிடி என்று சொல்லலாம். வியர்க்கிற கைக்கு நான் கைகாட்டுவது இதை.

காரணம் விளக்குத்திரி. 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. சில துளி மண்ணெண்ணெய், ஒரு துண்டுத் திரி, எண்ணெய் தானாக மேலேறி எரியும். நார்களுக்கு இடையிலான இடுக்கு எவ்வளவு ஒடுக்கமோ, இப்படித் தானாக ஏறுகிற மயிர்த்துளை எழுகை அவ்வளவு பலமாகும். ஆரை நூறில் ஒரு மில்லிமீற்றர் உள்ள துளையில் தண்ணீர் கணக்குப்படி ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு ஏறலாம். பருத்தியின் செலுலோசு தண்ணீரை விரும்பி இழுக்கும் வேறு. கைக்கும் பிடிக்கும் இடையில் நிற்கிற அந்தப் படலத்தை நூல்நுனிகள் இழுத்துக்கொள்கின்றன. தோலுக்குள் ஊறிய ஈரத்தை விட்டுவிடுகின்றன. இளக்கம் அப்படியே இருக்கிறது, படலம் மட்டும் போகிறது. காற்று செய்ய மறுத்த வேலையைப் பருத்தி செய்கிறது, கை மேட்டின் உச்சிக்குத் திரும்புகிறது.

குறை உண்டு. நூல் பிடி சொரசொரப்பு, மென்மையான கையை உராய்ந்து கொப்புளமாக்கும். அதனால் மேல்பாதி நூலும் கீழ்பாதி இறப்பருமாக ஒன்று செய்கிறார்கள். வலக்கைக்காரர் இடக்கையில்தான் கையுறை போடுவார், அந்தக் கை மேலே நூல் பகுதியில் இருக்கும், வெறுங்கைக்கு இறப்பர். வாசகியின் கணவருக்கு இதையே முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மெல்லிய தோல் கையுறை வியர்வையில் நனைந்தால் வழுக்கும். இரண்டை மாறி மாறிப் போட்டு, மற்றதைக் காயவிட வேண்டும். மழைக்கென்று நுண்ணிழையில் செய்த கையுறைகள் நனைந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். அவிச்சல் நாட்களுக்கு அவை நல்லது.

முகப்பவுடர் பூசலாமா என்றும் கேட்டிருந்தார். கோல்ஃப் விதிகள் தடுக்கவில்லை. ஆனால் கரம் போர்ட்டில் பவுடர் போடுவது எதற்கு? காய் வழுக்கி ஓட. முகப்பவுடரில் இருக்கும் ரல்க் படை படையாக வழுக்குகிற கனிமம். முதல் இரண்டு அடிக்கு வியர்வையை உறிஞ்சும், பிறகு களியாகிவிடும். துவாயே மேல்.

பழைய பிடியை எறிய முன் ஒருமுறை கழுவிப் பாருங்கள். வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெயும் படிந்து பளபளப்பாகியிருந்தால், எந்த வகைப் பிடியும் வழுக்கும். இளஞ்சூட்டு நீர், சவுக்காரம், பழைய பல்தூரிகை, பிறகு நிழலில் காயவிடுதல். வெயிலில் வேண்டாம், காரின் பின்பெட்டியில் விட்டுவைக்கவும் வேண்டாம். வெப்பமும் ஒட்சிசனும் இறப்பரை இறுக வைத்துவிடும்.

கழுவிய பிடியையும் புதிய பிடியையும் ஒப்பிட ஒரு விற்றராசு போதும். மட்டையின் தலைப் பக்கத்தில் கொழுவி, வியர்த்த கையால் ஒரே அளவு இறுக்கத்தில் பிடித்துக்கொண்டு, வேறொருவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நழுவும் கணத்தில் முள் எதைக் காட்டுகிறது என்று குறியுங்கள். பத்துத் தரம் செய்து சராசரி எடுத்தால் நல்லது. பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருமுறை, விடிய ஆறு மணிக்கு ஒருமுறை. எழுதி அனுப்பினால் அடுத்த கட்டுரையில் போடுகிறேன். இழுக்கிறவர் கிணற்றடிப் பக்கம் நிற்காமல் இருந்தால் போதும்.