சென்செய்: முன்னே பிறந்தவர்

கிளிநொச்சியில் பின்னேர வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகளின் வாயில் 'சென்செய்' சரளமாகப் புழங்குகிறது. கராத்தேயோடு இங்கே வந்த சொல். ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையிலும் பழக்குகிறவரை இப்படித்தான் அழைப்பார்கள். நாம் 'செய்' என்று எழுதினாலும் ஜப்பானியர் 'சென்ஸே' என்று நீட்டுவார்கள்.

'சென்' என்றால் முன். 'செய்' என்றால் பிறப்பு. முன்னே பிறந்தவர், அவ்வளவுதான். சீனத்திலிருந்து போன எழுத்துகள். அங்கே அதே சொல் 'சியன்ஷெங்' ஆகி, இன்று வெறும் 'ஐயா' என்ற அளவில் நிற்கிறது. ஜப்பானில் பள்ளி ஆசிரியர், வைத்தியர், சட்டத்தரணி எல்லோருமே சென்செய்.

ஐகிடோ வகுப்பில் இதன் பொருளைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொடங்குமுன் மாணவர்கள் பாயில் வரிசையாக முழந்தாளிட்டு இருப்பார்கள். ஆசிரியரும் அவர்களுக்கு முதுகு காட்டி, முன்சுவரில் உள்ள, ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபாவின் படத்தைப் பார்த்து அதேமாதிரி இருந்து, பாயில் கையூன்றிக் குனிவார். அப்புறம்தான் பிள்ளைகள் பக்கம் திரும்புவார். வரிசையில் அவர் முதல் ஆள். அந்த உயெஷிபாவும் (1883-1969) முப்பது கடந்தபின், 1915இல், டக்கெடா சொக்காக்கு என்ற தற்காப்புக் கலை ஆசிரியரிடம் போய் மாணவராக நின்றவர்தான். ஐகிடோக்காரர் அவரை 'ஓ-சென்செய்', பெரிய ஆசிரியர், என்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குரு' கொஞ்சம் பாரமான சொல். 'ஆசான்' நல்ல சொல். சிலம்பத்திலும் வர்மத்திலும் ஊறியது. சொல்லுக்குச் சொல் வேண்டுமென்றால் பழந்தமிழில் 'தம்முன்' இருக்கிறது. தம் பின் பிறந்தவன் தம்பி, தம் முன் பிறந்தவன் தம்முன். ஆனால் அது அண்ணனோடு நின்றுவிட்டது.

வன்னிக்கு என் தெரிவு 'அண்ணாவியார்'. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பழக்குகிறவருக்கு அந்தப் பெயர். ஐகிடோ ஆசிரியரைப் போல அவரும் காலையும் கையையும் பழக்குகிறவர். தானே ஆடிக் காட்டித்தான் பழக்க முடியும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜப்பானியர் பொதுவாகத் தம்மைத் தாமே சென்செய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மற்றவரைத்தான் அப்படி அழைப்பார்கள். 'அண்ணாவியார்' என்பதில் உள்ள 'ஆர்' கூட ஊர் போடுகிற மரியாதை. அவர் தன்னைப் பற்றிச் சொன்னால் வெறும் 'அண்ணாவி'.

போன மாதம் ஒருவர் தொலைபேசியில், "நான் சென்செய் கதைக்கிறன்" என்றார்.

"சொல்லுங்கோ சேர்" என்றேன்.